மலைக்குக் குறுக்கே

மின்துறையில் ஓய்வு பெற்றதும் மலையைப் பார்த்தபடி வீடு கட்டியவர், குறுக்கே ஓடிய உயரழுத்த மின்கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கச் சொல்லி ஒன்பதாவது மனுவும் போட்டுவிட்டார். அதே துறையிலிருந்து இளம் பொறியாளர் பழைய கோப்போடு வந்தார்.

"இந்தக் குறிப்பாலதான் சார் எல்லா மனுவும் தள்ளுபடி ஆகுது. 'புதைப்பது வீண். இந்த மொட்டை மலையை யார் பார்க்கப் போகிறார்கள்?'"

"எந்த ரசனை கெட்ட ஜென்மம் எழுதுச்சு?"

"கையெழுத்து புரியல சார். எழுதினவரே தப்புன்னு ஒத்துக்கிட்டா வேலையை ஆரம்பிச்சுடலாம்."

கோப்பை வாங்கிப் பார்த்தவர் மலைப் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கும் புரியல தம்பி."

பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள் மனைவி.

"எனக்கு நல்லாவே புரியுது. கல்யாணப் பதிவேட்டுல என் பேருக்குப் பக்கத்துல இதே கிறுக்கல்தான் இருக்கு. உட்காருங்க தம்பி, ஒத்துக்குவார்."