ஆளுக்கொரு நாள்

சமய பாட மணி அடித்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். இஸ்லாம் அன்ஸார் சேரிடம், சைவம் பூரணி டீச்சரிடம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு முஸ்லிம் பிள்ளை பூரணியின் அறையில் வந்து உட்கார்ந்துகொள்வது ஏன் என்று அவளுக்கு விளங்கவேயில்லை. போன கிழமை பாஹிம், இன்றைக்கு ரிஸ்லா.

குறிஞ்சாக்கேணிப் பள்ளிக்கு அவள் மாற்றலாகி வந்த புதிது. பெற்றோர் தவறாக நினைத்துவிட்டால்? பயந்துபோய் ரிஸ்லாவை அன்ஸாரிடம் கூட்டிப் போனாள்.

"சேர், நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லை."

அன்ஸார் சிரித்தார். "என்ன மகள், தேவாரம் பாடமாக்கிட்டீங்களா? ஏன் அங்க போன?"

"இண்டைக்கு என்ட முறை சேர்."

"என்ன முறை?"

"பக்கத்தில இருக்கிறவங்களத் தனிய உடக்கூடாதெண்டு நீங்கதானே சொல்லித் தந்த. சைவ வகுப்பில தனுஷிகா மட்டும்தானே இருக்கா. அதான் ஆளுக்கொரு நாள் போறம்."

அன்ஸார் பூரணியைப் பார்த்தார்.

அடுத்த சமய பாடத்துக்கு இரண்டு வகுப்பையும் மண்டபத்துக்கு மாற்றினார்கள். ஒரு மூலையில் இஸ்லாம், மறு மூலையில் சைவம். பாடங்கள் வேறு வேறாகத்தான் நடந்தன; தனுஷிகா தலையைத் திருப்பினால் எல்லோரும் தெரிந்தார்கள்.