பதில் போடாத மிஷின்

"இன்னிக்கும் கே62 என்னைத் தோக்கடிச்சிடுச்சு" என்று சிரித்தபடி செல்போனைக் கீழே வைத்தான் பிரேம்குமார்.

"தினம் செஸ்ல தோத்துட்டு என்ன சிரிப்பு?" என்றாள் மனைவி மாலா.

"அது கம்ப்யூட்டர்டி. தப்பே பண்ணாது, மெசேஜ் போட்டா பதிலும் வராது. மிஷின்கிட்ட தோத்தா என்ன அவமானம்? இனிமே மனுசங்க செஸ் ஆடி ஒண்ணும் ஆவப்போறதில்ல."

"பதிலே வராததுக்கு என்னத்த மெசேஜ் போடுறீங்க?"

"ஆபீஸ் கதை, வீட்டுக் கதை, மனசுல இருக்கறது எல்லாம். மிஷின் யார்கிட்ட போய்ச் சொல்லப்போவுது?"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நோணாங்குப்பத்தில் உள்ள மாலாவின் அம்மா வீட்டுக்குப் போனார்கள். மாமியார் கலையரசி சுடச்சுட மீன்குழம்பு ஊற்றினார்.

"அத்தை, இன்னிக்குக் கொழம்பு பிரமாதம்."

"புளியைப் பாதியா கொறைச்சிட்டேன் மாப்ள. 'எங்க மாமியார் கொழம்பு ஒரே புளிப்பு'ன்னு எழுதியிருந்தீங்களே. எனக்குப் படிக்க வரும், போன்ல டைப் அடிக்கத்தான் வராது."

பிரேம்குமாரின் கை சோற்றிலேயே நின்றது.

"சாப்பிடுங்க, அப்புறம் ஒரு ஆட்டம் போடலாம். ராணியை மட்டும் அவசரப்பட்டு வெளிய எடுக்காதீங்க."