ஜூன் மாதத்துப் பெட்டி

இருநூறு பிளம் பழங்களாவது இருக்கும். ஒவ்வொன்றின் காம்புக் குழியிலும் ஒரு கறுப்புத் துணுக்கு. மூங்கில் குச்சியால் நெம்பினால் கழன்று விழும்.

அவள் நெம்பிக்கொண்டிருந்தாள்.

பழம் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். பார்த்தால் பெரிய நெல்லிக்காய். கடித்தால் பல் கூசும். ஜப்பானில் இதற்கு உமே என்று பெயர். கல்கண்டு அடுக்கி, வெள்ளைச் சாராயம் ஊற்றி, ஒரு வருடம் மூடி வைத்தால் பொன்னிறத்தில் மதுவாகிவிடும். மினாபே ஊரே இந்தப் பழத்தை வைத்துத்தான் பிழைக்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே யாரும் சண்டைகூடப் போடுவதில்லை. நேரம் கிடையாது.

அந்த ஊர்த் தோட்டத்திலிருந்து வருடம் தவறாமல் மாமியார் ஒரு பெட்டி அனுப்புவாள். ஒசாகாவில் இவர்கள் இருக்கும் அடுக்குமாடிக்கு.

இவர்கள் என்ன இவர்கள். இப்போது அவள் மட்டும்தான்.

புருஷன் தமோட்சு அக்டோபரில் போய்விட்டான். சத்தமில்லை, சச்சரவில்லை. வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று மழைக்கு ஒதுங்கியவன் மாதிரி வாசலில் நின்று சொன்னான். “அம்மாகிட்ட மட்டும் நீ சொல்லாதே. நானே பக்குவமா சொல்லிக்கிறேன்.”

சரி என்றாள்.

அன்று அழவில்லை. அழுகை நாளைக்கு வரும் என்று நினைத்தாள். நாளைக்கும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட வாய் போல எல்லாம் மரத்துக் கிடந்தது. வேலைக்குப் போனாள், வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மாமியார் போன் செய்வாள். அவன் எங்கே என்பாள்.

குளிக்கிறார் என்றாள் முதல் வாரம்.

அடுத்த வாரமும் குளித்தான். அதற்கடுத்த வாரம் கடைக்குப் போனான். புத்தாண்டுக்கு ஏன் ஊருக்கு வரவில்லை என்று கேட்டபோது அவனுக்கு நல்ல காய்ச்சல் அடித்தது. அதற்குப் பிறகு மாமியார் கேட்பதே இல்லை. இவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். எட்டு மாதமாக மனுஷன் குளித்துக்கொண்டே இருக்கிறான்.

இன்று அந்தப் பொய்யை முடித்துவிட வேண்டும்.

விவாகரத்துத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டாயிற்று. முத்திரையும் குத்தியாயிற்று. நாளைக் காலை அவன் அதை நகராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிடுவான். அதோடு மாமியாரும் மாமியார் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் போனும் இல்லை.

மாமியார் உறவு விட்டுப்போகிறதே என்று ஒருத்தி பயப்படுகிறாள் என்றால் அவள் பிறந்த திருச்சியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்தக் கல்யாணத்துக்குப் பிறகு திருச்சியிலிருந்து அவளுக்கு ஒரு போன் வந்ததில்லை. ஆறு வருடமாகிறது. அம்மா என்று அவள் கூப்பிட, உலகத்தில் இந்த ஒரு பெண்பிள்ளைதான் மிச்சம்.

ஒரு பழத்தைத் துடைத்தாள். குச்சியால் நெம்பினாள். தட்டில் வைத்தாள்.

சொல்ல வேண்டியதை ஜப்பானிய மொழியில் கோத்து வைத்திருந்தாள். அம்மா, நாளையிலிருந்து நான் உங்கள் மருமகள் இல்லை. பழங்களைப் பார்த்து இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது. யாரோ யாருக்கோ சொல்வது போலக் கேட்டது.

ஆறு மணி. போன் அடித்தது.

“பெட்டி வந்துச்சா?”

“வந்துடுச்சும்மா. காம்பு எடுத்துக்கிட்டிருக்கேன்.”

மாமியாருக்குப் பின்னால் பழம் தரம் பிரிக்கும் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பேசினால் இப்போதே பேசிவிட வேண்டும். அவள் வாயைத் திறந்தாள்.

“அவர் குளிக்கிறார்ம்மா.”

அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மிஷின் சத்தம் மெல்லத் தேய்ந்தது. மாமியார் போனோடு கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட்டாள் போலிருக்கிறது. கதவு மூடும் சத்தம் கேட்டது.

“அவனுக்குத் தனியா ஒரு பெட்டி அனுப்பிட்டேன். இது உனக்கு.”

குச்சி விரலிடுக்கில் அப்படியே நின்றது.

“எப்போம்மா சொன்னார்?”

“புத்தாண்டுக்கு வந்திருந்தான்ல. அப்பவே சொல்லிட்டான்.”

புத்தாண்டுக்கு. அவருக்கு நல்ல காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை என்று இவள் போனில் அளந்துகொண்டிருந்தபோது, அவன் அங்கே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். மாமியார் அன்று என்ன சொன்னாள் என்று யோசித்தாள். கஞ்சி வைத்துக் கொடு என்றாள். போர்த்திவிடு என்றாள். அதன் பிறகு இருபது ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மேல் போய்விட்டன. ஒன்றில்கூட அவளைப் பொய் சொல்கிறாயா என்று கேட்கவில்லை.

கோத்து வைத்த வாக்கியத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

“நாளைக்குத் தாளைக் கொடுக்கிறார்ம்மா.”

“தெரியும்.”

எங்கோ தூரத்தில் ஒரு லாரி பின்னோக்கி வரும் சத்தம். யாரோ மாமியாரைக் கூப்பிட்டார்கள். இரு, வர்றேன் என்று குரல் கொடுத்துவிட்டு அவள் மறுபடி போனுக்கு வந்தாள்.

“நீ சாப்பிடறியா?”

சாப்பிடுகிறேன் என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. எட்டு மாதப் பழக்கம்.

“இல்லைம்மா” என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ மறுபடி மாமியாரைக் கூப்பிட்டார்கள்.

மாமியார் போனை வைக்கவில்லை.