இரண்டாமவர்

அந்தக் கட்டுரையில் வருகிற இரண்டாவது ஆசிரியர் எலியேசர் சார்தான் என்பதில் அபிகாயிலுக்குச் சந்தேகமே வரவில்லை.

தாம்பரத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் அவள் தமிழ் எடுக்கிறாள். முதலாண்டு பி.காம். பிள்ளைகளிடம், நன்றாகத் தெரிந்த இரண்டை ஒப்பிட்டு எழுதிவரச் சொல்லியிருந்தாள். முதலில் ஒற்றுமை, பிறகு வேற்றுமை. பாதிப் பேர் டீயையும் காபியையும் எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் பஸ்ஸையும் மின்சார ரயிலையும்.

கோகிலவாணி மட்டும் 'என் ஆசிரியர்கள் இருவர்' என்று எழுதியிருந்தாள். மறைமலை நகரிலிருந்து வருகிற, கடைசி பெஞ்ச் பெண்.

'முதலாமவர், வாங்க, உட்காருங்க என்பார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தப்பு செய்தாலும் பரவாயில்லை என்பார். இரண்டாமவர், நீ நில்லு, நீ போ என்பார். அவர் வாயிலிருந்து என் பெயர் வந்ததே இல்லை. நீ என்பதுதான் என் பெயர் என்று பழகிக்கொண்டேன்.'

முதலாமவர் யாரென்று அபிகாயிலுக்கு உடனே புரிந்துவிட்டது. துறையிலேயே மாணவர்களை வாங்க, போங்க என்று பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இரண்டாமவர் ஆணா, பெண்ணா என்று 'அவர்' என்ற சொல் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால் என்ன? அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவர்களில் எல்லாரையும் வாடா, போடா, வா புள்ள என்று கூப்பிடுகிற ஆள் எலியேசர் சார்தானே. போதாததற்கு, "உன் வகுப்பைத் தாண்டிப் போனா தாம்பரம் மார்க்கெட் துணிக்கடை மாதிரி இருக்கும்மா, ஒரே வாங்க வாங்கன்னு சத்தம்" என்று எல்லார் முன்னாலும் அவளைக் கிண்டலடித்தவர்.

கட்டுரையில் ஒரே ஒரு குறை. இருவரும் மணி அடிக்கும் முன்பே வந்துவிடுவார்கள், இருவர் கையெழுத்தும் மணிமணியாக இருக்கும், இருவரும் சாக்பீஸை இரண்டாக உடைத்துத்தான் எழுதத் தொடங்குவார்கள் என்று ஒற்றுமைகளை அடுக்கியிருந்தாள். அபிகாயில் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதினாள்:

'ஒற்றுமை மிகை. இரண்டு பேர் இவ்வளவு ஒன்றுபோல இருக்க முடியாது.'

மதியம் ஆசிரியர் அறையில் எலியேசர் சார் மட்டும்தான் இருந்தார். அபிகாயில் கட்டுரையை அவர் முன் வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பிள்ளைங்க நம்மைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு நமக்கும் தெரியணும்ல?"

அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். டிபன் பாக்ஸை மூடி ஓரமாகத் தள்ளினார்.

"பாசத்துல கூப்பிடறேன்னுதாம்மா இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன். என் பொண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவேன்."

அவர் முகத்தை அப்படி அவள் பார்த்ததில்லை. அந்த வகுப்பை வேறு யாருக்காவது மாற்றித் தரும்படி துறைத் தலைவரிடம் கேட்கப் போவதாகச் சொன்னார். அந்தப் பெண் முன்னால் இனி எந்த முகத்தோடு போய் நிற்பது என்றார். அவ்வளவு தூரம் போக வேண்டாம் சார் என்று அபிகாயில் சமாதானம் சொன்னாள். ஆனால், துணிக்கடைக் கிண்டலுக்குக் கணக்குத் தீர்ந்ததுபோல உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருக்கத்தான் செய்தது.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தப் பெண்ணைக் கையோடு கூப்பிட்டனுப்பினார்.

கோகிலவாணி வந்து மேஜைக்கு எதிரே நின்றதும் எலியேசர் சார் எழுந்துகொண்டார்.

"கோகிலவாணி, என்னை மன்னிச்சுக்கம்மா. என் பேச்சு உன்னை இவ்வளவு நோகடிச்சிருக்கும்னு எனக்குத் தெரியாது."

அவள் பதறிப்போனாள்.

"ஐயோ, அது நீங்க இல்ல சார்."

"பின்ன யாரும்மா?"

அவள் தலை குனிந்தது. "யாரும் இல்ல சார். சும்மா, கற்பனையா எழுதினேன்."

பாவம், எதிரில் நிற்கும் மனிதருக்குப் பயந்து பொய் சொல்கிறாள் என்று அபிகாயிலுக்குத் தோன்றியது.

"பயப்படாதே. எதுவா இருந்தாலும் உண்மையைச் சொல்லு. நான் இருக்கேன்ல?"

கோகிலவாணி நிமிர்ந்து ஒரு கணம் அபிகாயிலைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"கற்பனைதான் மிஸ். நிஜமா யாரையும் மனசுல வெச்சு எழுதல."

இதற்குமேல் என்ன கேட்பது?

"சரி, நீ போ," என்றாள் அபிகாயில்.

கோகிலவாணி திரும்பவும், வாசலில் மாளவிகா வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அஸ்தினாபுரத்துப் பெண். முதல் பெஞ்ச். ஆங்கிலம் அருவியாகக் கொட்டும், தமிழ்தான் தகராறு.

"சாரி மிஸ். அந்த கம்பேரிஸன் எஸ்ஸே இன்னும் முடிக்கல. இன்னும் ஒரு வாரம் டைம் கிடைக்குமா?"

"பரவாயில்லை. வாங்க மாளவிகா, உட்காருங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது அபிகாயிலின் காதில் விழுந்தது.

எலியேசர் சார் மெதுவாக அவளைத் திரும்பிப் பார்த்தார். வாசலைத் தாண்டியிருந்த கோகிலவாணி, எதுவும் கேட்காதவள்போல வேகமாக நடந்து போனாள். பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட வேண்டும்போல இருந்தது அபிகாயிலுக்கு.

எலியேசர் சார் கட்டுரையை மட்டும் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

ஓரத்தில் சிவப்பு மையில், மணிமணியான அவள் கையெழுத்து: 'இரண்டு பேர் இவ்வளவு ஒன்றுபோல இருக்க முடியாது.'