கூர் வைக்காத தகடு

"இளவரசி! இது சுரண்டுற தகடா, இல்ல தோசை திருப்பியா?"

உத்திராபதி கையிலிருந்த தகட்டை மேசைமேல் விட்டெறிந்தார். அது சறுக்கிக்கொண்டு போய் ஜோசப்பின் டீ கிளாஸில் இடித்து நின்றது.

சிதம்பரத்தில் இளவரசியின் பட்டறை. தகடு வாங்க வந்திருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மரவாடியில் கழித்துப்போட்ட ரம்பத்தை வாங்கி, உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஓரத்தைக் கூராக்கி விற்பாள் இளவரசி. மூங்கில் வில்லை வழவழப்பாக வழித்தெடுக்க அதைவிட மலிவான சாமான் அந்தப் பக்கத்தில் கிடையாது. கடலூரில் வில்வித்தை சொல்லித்தரும் ஜோசப்பே தன்னிடம் படிக்கும் பிள்ளைகள் வில் செய்ய அவளிடம்தான் மொத்தமாக ஆர்டர் கொடுத்திருந்தார்.

"மத்தவங்க தகட்ட இழுத்தா மூங்கிலு சுருள் சுருளா வருது. என்னுதுல வெறும் தூளுதான் கொட்டுது. கிள்ளையிலேர்ந்து பஸ் ஏறி வரவன்னா ஒனக்கு அவ்ளோ எளக்காரமா?"

"உங்களுக்கு இதான் மாமா. வேணும்னா எடுத்துக்குங்க, வேணாம்னா வுடுங்க."

"பாத்தீங்களாய்யா திமிர! இந்த மழுங்கல வெச்சே நான் வில்லு செய்யறேன் பாரு. என் வில்லு மாதிரி எவன் செய்யறான்னு நீயே சொல்லுவ!"

அவள் நீட்டிய இன்னொரு மழுங்கல் தகட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உத்திராபதி வெளியே போனார். நின்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

ஜோசப் மேசைமேல் கிடந்த தகட்டை எடுத்து, பக்கத்திலிருந்த மூங்கில் பட்டையில் இழுத்துப் பார்த்தார். தூள்தான் வந்தது.

"ஏம்மா, வேணும்னே கூர் வெக்கலியா?"

"ஆமா சார்."

"ஏன்?"

"காரணம் இருக்கு சார். நான் சொல்லக் கூடாது."

ஜோசப்புக்கு முகம் கறுத்துவிட்டது.

"வயசானவரு, நம்பி வராரு. அவருக்கே இப்பிடின்னா நாளைக்கு என் புள்ளைங்களுக்கு என்னாத்த குடுப்ப? என் ஆர்டர நிறுத்திக்கம்மா."

அந்த ஆர்டரை நம்பித்தான் அவள் புது கிரைண்டர் வாங்கியிருந்தாள். ஆனாலும் நிமிர்ந்தே பேசினாள்.

"உங்க இஷ்டம் சார்."

ஜோசப் பைக் சாவியை எடுக்கும்போது காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் அவசரமாக உள்ளே வந்தாள். உத்திராபதியின் மனைவி அமிர்தம்.

"அவரு டீ குடிக்கப் போயிருக்காரு, சீக்கிரம் குடு இளவரசி. எதுத்த கடையில நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருந்தேன். என்னால நீ பேச்சு வாங்குற." பிறகு ஜோசப்பைப் பார்த்தாள். "சார், இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. மழுங்கலா குடுன்னு நான்தான் சொன்னேன்."

"நீங்களா? எதுக்கும்மா?"

"சக்கர வியாதி சார். அவருக்கு வெரலெல்லாம் மரத்துப் போச்சு. போன வருசம் தகடு கிழிச்சு எலும்பே தெரிஞ்சிது. நான் ரத்தத்தப் பாத்து கத்துனப்பறம்தான் அவருக்கே தெரியும். இனிமே கூரானத தொடவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. வில்லு செய்யாம அவரு எப்பிடி சார் இருப்பாரு?"

"அப்ப அவரோட வில்லெல்லாம் அவ்ளோ வழவழன்னு இருக்குதே?"

அமிர்தம் வெட்கத்தோடு சிரித்தாள்.

"மத்தியானம் சாப்ட்டுட்டு நல்லா தூங்குவாரு. அந்த நேரத்துல நான் கூரான தகட்டால வழிச்சு வெச்சுடுவேன். எழுந்து வந்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, 'பாத்தியா அமிர்தம், மழுங்கல்லயே என்னா வேல!'ம்பாரு. அந்த மொகத்த பாக்கணுமே சார். அவருக்கு மட்டும் தெரிஞ்சிதுன்னா ஒடஞ்சி போயிடுவாரு."

அவள் கட்டைவிரல்கள் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. வேகமாகத் தேய்த்தால் அந்த மெல்லிய தகடு அடுப்புச் சட்டி மாதிரி கொதிக்கும்.

இளவரசி இழுப்பறையைத் திறந்து ஒரு புதுத் தகட்டை எடுத்தாள். அதற்கு வேப்பமரத்தில் அழகாகப் பிடி போட்டிருந்தது.

"இதுல செய்யுங்க அத்த. சூடு தாக்காது."

"புடியெல்லாம் போட்டிருக்கியே? யாருக்கும் இப்பிடி போட மாட்டியே!"

"புது மாடல் அத்த."

அமிர்தம் அதைக் கீரைக்கட்டுக்கு அடியில் மறைத்துக்கொண்டு ஓடினாள்.

ஜோசப் சாவியை மறுபடி மேசைமேல் வைத்தார்.

"மன்னிச்சிக்கம்மா. விசாரிக்காம பேசிட்டேன். ஆர்டர் அப்பிடியே இருக்கட்டும். ஆனா, பாவம் அந்த மனுசன். பொண்டாட்டி தனக்காக இவ்ளோ பாடுபடறது தெரியாம இங்க வந்து குதிச்சிட்டுப் போறாரே!"

இளவரசி அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அந்தப் புடி யாரு சொல்லி போட்டதுன்னு நெனச்சீங்க? முந்தாநாளு மாமா தனியா வந்தாரு சார். 'அமிர்தத்துக்கு கட்டவெரலு கொப்பளமா கெடக்கு, புடி போட்டு ஒண்ணு செஞ்சி குடும்மா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ கூசிப் போயிடுவா. அதனால அவ காதுல விழற மாதிரி வந்து ஒன்ன கன்னாபின்னான்னு திட்டிட்டுப் போறேன், கோச்சிக்காத'ன்னாரு."