பஸ்தியாம்பிள்ளையின் பயிற்சி

"சனிக்கிழமை கப்பலிலை வந்த கொம்பியூட்டரோடை செஸ் விளையாடப் போறீங்கள். ஒரு கிழமையாப் பலகையைத் தொடேல்லை. கிண்ணியாவுக்குப் போய் அலியாரின்ரை புது வள்ளத்தைப் பற்றி விசாரிச்சுக்கொண்டு திரியிறீங்கள்," என்றாள் இன்பமலர்.

"அதுதான் பயிற்சி," என்றார் அவள் கணவர், துறைமுகச் சம்பியன் பஸ்தியாம்பிள்ளை.

சனிக்கிழமை வென்றுவிட்டு வந்தார்.

"எதிராளிக்குக் கதை குடுத்துக் குழப்பித்தானே இவ்வளவு காலமும் வெண்டனீங்கள். அந்த மெசினுக்குக் காதில்லையே?"

"ஓம், இல்லை. ஆனா மெசின் சொல்லுற காயைப் பலகையிலை நகர்த்தினது அலியார். 'புது வள்ளம் ஒரு பக்கம் சரியுதாமே' எண்டு கேட்டன். மனுசன் ராணியைக் கொண்டுவந்து என்ரை குதிரை வெட்டுற கட்டத்திலை மாறி வைச்சிட்டார். வைச்ச காயைத் திருப்பி எடுக்க ஏலாதே."

"வள்ளம் உண்மையிலை சரியுதா?"

"சீ, நல்ல வள்ளம்."