குழியைப் பார்க்கக் கூடாதவன்

பைக் விபத்தில் செத்துப்போன இருபது வயது அயிண்டேவின் சவப்பெட்டியைத் தூக்கும் நேரத்தில், அவன் அப்பா ஒகுன்டிரன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"நானும் இடுகாட்டுக்கு வரேன்."

அடிசா கையிலிருந்த மண்வெட்டியைத் தரையில் ஊன்றினான். அவன் அடுத்த வீட்டுக்காரன், ஒகுன்டிரனின் உயிர் நண்பன். குழி வெட்டும் வேலையை இசெயின் என்ற அந்த ஊரின் ஆட்கள் அவனிடம் விட்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"உனக்கு மூளை கலங்கிடுச்சாடா?" என்று சீறினார் ஒகுன்டிரனின் அண்ணன். "பெத்தவங்க பிள்ளையோட குழியப் பார்க்கலாமா? இந்த வீட்டுல இன்னும் எத்தனை சாவு விழணும்?"

"முறை எனக்கும் தெரியும்ண்ணே."

"தெரிஞ்சுமா இந்தப் பிடிவாதம்? உன் பொண்டாட்டி பேசாம உள்ளேதானே இருக்கா?"

அடிசா நண்பனின் தோளைத் தொட்டான். "சொன்னாக் கேளு. எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன். நீ உள்ளே போ."

ஒகுன்டிரன் அவனை உற்றுப் பார்த்தான். அப்படியொரு பார்வையை அடிசா இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

மண்வெட்டியை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான் ஒகுன்டிரன். பிறகு அவன் காதோரம் குனிந்தான்.

"நான் பார்த்தா ஒண்ணும் ஆகாது, அடிசா. நீதான் பார்க்கக் கூடாது. போ, உள்ளே போய் அவ பக்கத்துல உட்காரு."